அவிழ்த்துப் பின்னிய கைகள்

மூன்று நான்கு நூற்கண்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே உருண்டையாகச் சுற்றிவிடுவார் ஆசிரியர். அதிலிருந்து புறப்படும் நூல்களை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு பிள்ளைகள் பின்ன வேண்டும். எல்லாரும் ஒரே வேகத்தில் பின்னினால் வம்பில்லை. ஒருத்தி பின்தங்கினால் போதும், அவள் நூல் மற்றவர்களுடைய நூலோடு சிக்கிக்கொள்ளும். சிக்கலுக்குக் காரணமானவளுக்கு நல்ல அடி விழும்.

இங்கிலாந்தின் வடக்கே, டென்ட் என்னும் பள்ளத்தாக்கு ஊரில், 18ஆம் நூற்றாண்டில் கம்பளிப் பின்னல் இப்படித்தான் கற்பிக்கப்பட்டது. சொன்னவர் அங்கே படித்த பெட்டி யூடேல். மலைகளுக்கு அப்பால் லாங்டேலிலிருந்து பின்னல் கற்றுக்கொள்ள அவரை டென்டுக்கு அனுப்பியபோது அவருக்கு ஏழெட்டு வயது. கூடப் போன தங்கை சாலி அவரைவிடச் சின்னவள். முதுமையில் அவர் தம் வட்டார வழக்கிலேயே சொன்னதைக் கேட்டு எழுதிவைத்தார்கள். கவிஞர் ராபர்ட் சதே எழுதிய ‘தி டாக்டர்’ என்ற நூலில், சதே இறந்தபின் 1847இல் வெளிவந்த பகுதியில், அது அச்சேறியது.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதே அன்றைக்கு எவ்வளவு பின்ன வேண்டும் என்று அளவு சொல்லிவிடுவார்கள். அது முடியாவிட்டால் மதியச் சாப்பாடு கிடையாது. வேகம் கூட்ட ஒரு பாட்டு உண்டு. ஒவ்வொரு ஊசி வரிசைக்கும் ஒருவரின் பெயரை வைத்துப் பாடி, வரிசை முடிந்ததும் ஒரு கூவல், பிறகு அடுத்த பெயர். நாள் முழுக்க இதே. ஊர்க்காரர்கள் கொடுத்த சாப்பாடும் பிடிக்கவில்லை, வீட்டு நினைப்பும் வாட்டியது. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அக்காளும் தங்கையும் ஊரைவிட்டு ஓடினார்கள். அவ்வளவு தூரத்தையும் நடந்தே கடந்து வீடு சேர்ந்தார்கள்.

டென்ட்காரர்களைக் கொடுமைக்காரர்கள் என்று முத்திரை குத்திவிடுவது எளிது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லாரும் பின்னித்தான் பிழைத்தார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போதும் கை பின்னிக்கொண்டிருக்கும். இடுப்புப் பட்டையில் செருகிய மரக்குழல் ஒன்று வலது ஊசியைத் தாங்கும். அதனால் கை இலேசாகி, விரல் மட்டும் ஓடும். மாலையில் ஒரு வீட்டில் கூடி, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஊசியின் தாளத்துக்கு உடம்பை முன்னும் பின்னும் ஆட்டியபடி எல்லாரும் பின்னுவார்கள். வில்லியம் ஹோவிட் 1838இல் எழுதிய நாட்டுப்புற வாழ்க்கை நூலில் இந்தக் காட்சி வருகிறது. செய்து முடித்த காலுறைகளுக்குக் கெண்டல் நகர வணிகர்கள் கொடுத்த கூலி சொற்பம். அந்தச் சொற்பத்தை வயிற்றுக்குப் போதுமானதாக்க ஒரே வழி வேகம். ஒரு வரிசையைப் பிரித்து மறுபடி பின்னுகிற நேரம் அங்கே ரொட்டிக்கணக்கில் கழிந்தது.

இத்தனைக்கும், தவறு செய்தவரைப் பின்னல் அளவுக்கு மன்னிக்கிற கைவேலை குறைவு. மரத்தைத் தப்பாக அறுத்தால் அறுத்ததுதான். துணியைத் தப்பாக வெட்டினாலும் அப்படியே. பின்னலில் தொடக்கம் முதல் முடிவுவரை பெரும்பாலும் ஒரே நூல். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, அதற்குள் மற்றொன்று என்று அது ஏறிக்கொண்டே போகிறது. ஊசியை உருவி நூலை இழுத்தால் வந்த வழியே திரும்பி, கடைசியில் முழு நூலும் கைக்கு வந்துவிடும். ஆனால் இதே குணம்தான் கற்றுக்கொள்பவரைக் கலங்கடிக்கவும் செய்கிறது. ஊசியிலிருந்து ஒரே ஒரு கண்ணி நழுவினால், அதன் கீழே உள்ளதும், அதற்குக் கீழே உள்ளதும் வரிசையாக அவிழ்ந்து துணி நடுவே ஏணி போல ஓடும். போதாக்குறைக்கு, தவறு நடந்த இடத்தில் தவறு தெரியாது. இரண்டு மூன்று வரிசை ஏறிய பிறகுதான் பூவேலை ஒரு பக்கமாய் நகர்ந்திருப்பது கண்ணில் படும்.

புதிதாகக் கற்பவரின் கையில் 20 கண்ணியில் தொடங்கிய துண்டு 27 ஆகிச் சரிவாக விரிவதும் சகஜம். யாரும் வேண்டுமென்று சேர்ப்பதில்லை. வரிசைத் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலாக இழுத்துவிட்டால் முதல் கண்ணியின் இரண்டு கால்களும் இரண்டு கண்ணிகளாகத் தோன்றும். அல்லது நூலைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவரும்போது அது ஊசியின் மேல் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளும். அடுத்த வரிசையில் அந்தச் சுற்றையும் பின்னிவிட்டால் ஒரு கண்ணி கூடுதல், அதன் கீழே ஓர் ஓட்டை. லேஸ் பின்னலில் துளைகள் விழுவது இதே சுற்றால்தான். அங்கே வேண்டுமென்றே நூலைச் சுற்றி, வேறோர் இடத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னி எண்ணிக்கையைச் சமன்செய்கிறார்கள். கணக்கு இருந்தால் லேஸ், இல்லாவிட்டால் ஓட்டை.

ஐரோப்பாவின் பழைய பின்னல்களில் இந்தத் தொல்லைகளை மறைக்க ஒரு வசதி இருந்தது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாதாரண மக்கள் அணிந்த கம்பளித் தொப்பிகளைப் பின்னி முடித்ததும் நீரில் போட்டு மிதித்து, அடித்து, சுருக்கித் தடிப்பாக்குவார்கள். மேற்பரப்பை அதன்பின் மழிப்பார்கள். கண்ணிகள் தனித்தனியாகத் தெரியாதபடி துணி இறுகிவிடும். சற்றே கோணலான வரிசையும் அதில் கரைந்துபோகும். இந்தத் தொழிலைக் காப்பாற்ற 1571இல் ஒரு சட்டமே வந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள், மேட்டுக்குடியினர் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமையும் திருநாட்களிலும் கம்பளித் தொப்பி அணிந்தே தீர வேண்டும் என்றது அது. கேட்டவர்கள் குறைவு போலும். 1597இல் சட்டம் விலக்கப்பட்டது.

மறைக்க வழியில்லாத பண்டம் பட்டுக் காலுறை. ஃபிளாரன்ஸ் சீமாட்டி, டோலிடோவின் எலியனோரா, 1562இல் இறந்தபோது காலில் இருந்தது சிவப்புப் பட்டில் பின்னிய காலுறை. அவரது கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட அந்த ஜோடியில், முகம் காட்டும் நிட் கண்ணியோடு முதுகு காட்டும் பர்ல் கண்ணியும் கலந்து கோலமிட்டிருக்கிறது. பர்ல் கண்ணிக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. எகிப்தில் கிடைத்த அதற்கு முந்தைய பருத்திக் காலுறைகள் நீலம், வெள்ளை என்று இரு நிறத்தில் அழகழகாக இருந்தாலும் நிட் கண்ணியாலேயே ஆனவை. இன்று முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற இரண்டாவது கண்ணியான பர்ல், உலகப் பின்னல் வரலாற்றில் பல நூற்றாண்டு தாமதமாகத்தான் தலைகாட்டுகிறது. புதியவர்கள் அதில் தடுமாறுவதில் என்ன வியப்பு?

அதே காலத்தில் பின்னல் ஏழைகளுக்கான தொழிலாகவும் ஆகிக்கொண்டிருந்தது. 1570இல் நார்விச் நகரம் எடுத்த ஏழைகள் கணக்கெடுப்பில் நூற்கிற, பின்னுகிற சிறு பிள்ளைகள் பலர் பதிவாகியிருக்கிறார்கள். லிங்கன், யார்க் போன்ற நகரங்கள் ஏழைப் பிள்ளைகளுக்குப் பின்னல் கற்றுத்தர ஆள் அமர்த்தின. பிச்சையெடுப்பதைத் தடுப்பது நோக்கம். பிள்ளைக்குக் கை வருகிறதா, பிடிக்கிறதா என்பது கேள்வியாகவே இல்லை.

மறுமுனையில் ஸ்ட்ராஸ்பர்க்கும் சுற்றுவட்டாரமும். அங்கே பின்னல் ஆண்களின் சங்கத் தொழில். பயிற்சி முடித்தவன் ‘மாஸ்டர்’ என்று பெயர் வாங்கத் தேர்வுப் படைப்புகளைச் சங்கத்தின் முன் வைக்க வேண்டும். அவற்றில் பெரியது பல நிறத்தில் பூவும் விலங்கும் விவிலியக் காட்சியும் கொண்ட பின்னல் விரிப்பு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1781ஆம் ஆண்டின் அத்தகைய விரிப்பு ஒன்று இருக்கிறது. நடுவே யாக்கோபின் கனவு. ஒரு வரிசையில் நூற்றுக்கணக்கான கண்ணிகள், நிறம் மாறிக்கொண்டே இருக்கும். நடுவே ஒரு நிறம் இடம் மாறினால் கனவில் வரும் தேவதையின் முகம் கோணும். கோணிய முகத்தோடு சங்கத்தார் முன் போய் நிற்க யாருக்கு மனம் வரும்?

புத்தகம் பார்த்துக் கற்றவர்களின் எரிச்சல் தனி. ஆங்கிலத்தில் அச்சான முதல் பின்னல் குறிப்பு என்று கருதப்படுவது 1655இல் வந்த ‘நேச்சுரா எக்ஸென்டரேட்டா’ என்னும் நூலில் இருக்கிறது. மருந்துக் குறிப்புகளுக்கு நடுவே ஒரு காலுறை. அதைப் படித்துக் காலுறை பின்ன வேண்டுமானால், காலுறை பின்ன முன்பே தெரிந்திருக்க வேண்டும். சுருக்கக் குறியீடு, படம் எதுவும் கிடையாது. மூச்சுவிடாத வாக்கியங்கள்தான்.

19ஆம் நூற்றாண்டில் நடுத்தர வர்க்கப் பெண்கள் பொழுதுபோக்காகப் பின்னத் தொடங்கியதும் பின்னல் புத்தகங்கள் பெருகின. எடின்பரோவில் கடை நடத்திய ஜேன் கோகேன் 1840இல் வெளியிட்ட கையேட்டில் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எழுத்து என்ற முறையைக் கொண்டுவந்தார். சில எழுத்துகளைத் தலைகீழாகவும் அச்சிட்டார். நல்ல யோசனைதான். ஆனால் மூன்று ஆண்டு கழித்து ‘மை நிட்டிங் புக்’ எழுதிய பிரான்சிஸ் லம்பர்ட்டும் அடுத்தடுத்து வந்தவர்களும் ஆளுக்கொரு முறையைப் பின்பற்றினார்கள். ஒரு நூலில் தேறியவர் இன்னொரு நூலைத் திறந்தால் மறுபடி அரிச்சுவடிதான். ஊசியின் பருமனும் குழப்பமே. லம்பர்ட் ஊசி அளக்கும் தகடு ஒன்றைப் பரிந்துரைத்தார். ஆனாலும் நாட்டுக்கு நாடு எண் வேறு. பிரிட்டனின் பழைய கணக்கில் எண் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் தடிக்கும். பிரிட்டனில் 8 என்றால் 4 மில்லிமீட்டர், அமெரிக்காவில் அதே 8 என்றால் 5 மில்லிமீட்டர். அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து லண்டனில் பின்னிய ஸ்வெட்டர் உடம்பில் ஏறாமல் போனால், தப்பு விரலுடையது அல்ல. பின்னத் தெரியவில்லை என்று தம்மையே நொந்துகொண்ட எத்தனையோ பேருக்கு இது தெரிந்திருக்காது.

பள்ளிக்கூடங்கள் இதற்குக் கண்ட தீர்வு அணிவகுப்பு. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரிட்டிஷ் தொடக்கப் பள்ளிகளில் சிறுமிகளுக்கு ஊசிவேலை கட்டாயமானது. அறுபது எழுபது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியை. ஊசியை உள்ளே விடு, நூலைச் சுற்று, வெளியே இழு, நழுவவிடு என்று அவர் ஆணையிட, எல்லாரும் ஒருசேரச் செய்ய வேண்டும். சில பள்ளிகளில் முதலில் நூலே தரமாட்டார்கள். வெறும் ஊசியோடு கையசைவுப் பயிற்சி மட்டும். ஒரு பிள்ளை எங்கே தடுமாறுகிறாள் என்று பார்க்க இந்த முறையில் இடமே இல்லை. அதனால் இதைக் கல்வி என்பதைவிடக் கூட்டத்தைச் சமாளித்தல் என்பதே பொருந்தும்.

நெதர்லாந்துப் பள்ளிகள் வேறு வழியில் போயின. அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் தைத்த பயிற்சித் துண்டுகள் அருங்காட்சியகங்களில் ஏராளம். எழுத்தும் பூவும் தைத்தவை ஒருவகை. இன்னொரு வகைதான் இங்கே முக்கியம். அதில் சேதத்தைச் சீர்செய்வதே பாடம். நல்ல துணியில் வேண்டுமென்றே ஓட்டை வெட்டுவார்கள். பிறகு நெசவின் போக்கை அப்படியே பின்பற்றி, வேறு நிற நூலால், இழைக்கு இழை ஓட்டையை அடைக்க வேண்டும். நிறம் வேறாக இருப்பதால் ஓர் இழை தப்பினாலும் ஆசிரியைக்குத் தெரிந்துவிடும். பின்னல் துணிக்கும் இதே பாடம் உண்டு. கிழிந்த கண்ணிகளின் இடத்தில், தைக்கும் ஊசியால், பின்னியதுபோலவே கண்ணிகளை மறுபடி உருவாக்குவது. இதைச் செய்து பழகிய சிறுமிக்கு ஒரு கண்ணி எங்கே தொடங்கி எதைப் பிடித்துக்கொண்டு எங்கே முடிகிறது என்பது கண்ணை மூடினாலும் தெரியும். நழுவிய கண்ணியைக் கண்டு அவள் பதறமாட்டாள். பின்னல் பயிற்சியின் வரலாற்றில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான யோசனை வேறு இல்லை என்றே சொல்லலாம். சீர்செய்வதைக் கடைசிப் பக்கத்துப் பின்னிணைப்பாகத் தள்ளாமல் நேரடிப் பாடமாக வைத்தது அது.

ஷெட்லாந்துத் தீவுப் பெண்களுக்குப் பள்ளிப் பாடம் தேவைப்படவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தே கற்றார்கள். அன்ஸ்ட் தீவின் லேஸ் சால்வைகள் ஒரு மோதிரத்துக்குள் நுழைத்து இழுக்கும் அளவுக்கு மெல்லியவை. ஷெட்லாந்து ஆட்டுக்கம்பளிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் நழுவிய கண்ணி சட்டென்று ஓடாது, அப்படியே நிற்கும். ஆனால் அதே பற்றுதலால் பிரிப்பது கடினம். மெல்லிய நூல் இழுக்க இழுக்கப் பிய்யும். மாதக்கணக்கில் உழைத்துக் கடைக்குக் கொண்டுபோனால் கிடைத்தது பெரும்பாலும் பணமல்ல, தேயிலையும் துணியும். 1872இல் இதை விசாரித்த அரசு அதிகாரி ஒருவர் முன் ஷெட்லாந்துப் பெண்கள் பலர் சாட்சி சொன்னார்கள். விலையை வைத்தவர் கடைக்காரர். தேயிலையை மாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாற்றிக்கொண்டு வாழ்ந்த குடும்பங்களின் கதை அந்த அறிக்கையில் பக்கம் பக்கமாக இருக்கிறது. தப்பைப் பிரித்து மறுபடி பின்னும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது என்ற கேள்விக்கு டென்டிலும் அன்ஸ்ட்டிலும் ஒரே பதில்தான்: பின்னுகிறவளே.

முதல் உலகப் போரில் நிலைமை தலைகீழானது. ஒருபோதும் ஊசி பிடிக்காதவர்கள் லட்சக்கணக்கில் பின்ன வந்தார்கள். பதுங்குகுழியின் சேற்று நீரில் நாள்கணக்கில் நின்ற சிப்பாய்களின் பாதம் அழுகியது. உலர்ந்த காலுறையை அடிக்கடி மாற்றுவது ஒரு முக்கியத் தடுப்பு. ஆஸ்திரேலியாவில் மட்டும் போர்க்கால உதவி நிதி அமைப்பு 13 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகளைத் திரட்டி அனுப்பியது. கிரேஸ் காசிங்டன் ஸ்மித் 1915இல் வரைந்த ‘தி சாக் நிட்டர்’ ஓவியத்தில் அவருடைய தங்கை தலைகுனிந்து காலுறை பின்னுகிறார். நியூசிலாந்தில் கவர்னரின் மனைவி லிவர்பூல் சீமாட்டி அதே ஆண்டில் பின்னல் கையேடு ஒன்றையே வெளியிட்டார்.

காலுறை, கற்றுக்குட்டிகளுக்கு ஏற்ற பண்டமே அல்ல. நான்கு ஊசிகளில் வட்டமாகப் பின்ன வேண்டும், நடுவே குதிகாலைத் திருப்ப வேண்டும், கடைசியில் விரல் முனையை மூட வேண்டும். அங்கே தடித்த தையல் இருந்தால் நீண்ட நடையில் அது உராய்ந்து புண்ணாகும். நூலை முடிச்சுப் போட்டு இணைத்தாலும் அதே கதி. தவறு செய்தவர் சிட்னியில், வலித்தவர் பிரான்சில். விரல் முனையைத் தையலே தெரியாமல் ஊசியால் இணைக்கும் முறைக்குப் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனரின் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரே அதை வடிவமைத்தார் என்பது கதை. நம்பத் தக்க ஆதாரம் எதுவும் இல்லை. இன்றும் புதியவர்கள் அதிகம் அஞ்சுகிற வேலை அது. நான்கு அசைவுகளை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் போயிற்று.

பின்னலில் தவறைப் பற்றிப் பேசினால் இரண்டு கட்டுக்கதைகள் தவறாமல் வந்துவிடும். இறைவன் மட்டுமே குறையற்றவன் என்பதால் அந்தக் காலப் பெண்கள் வேண்டுமென்றே ஒரு கண்ணியைத் தப்பாகப் பின்னினார்கள் என்பது ஒன்று. கம்பளம் நெய்தவர்கள் பற்றியும் மெத்தை விரிப்பு தைத்தவர்கள் பற்றியும் இதையே சொல்கிறார்கள். பழைய துண்டுகளைப் பார்த்தால், தானாக விழுந்த தவறுகளே தாராளமாக இருக்கின்றன. வேண்டுமென்று சேர்க்க அவசியமே இல்லை. இன்னொன்று அயர்லாந்தின் அரன் தீவு ஸ்வெட்டர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வடிவம், கடலில் மூழ்கிய மீனவரை அதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்பார்கள். அந்த ஸ்வெட்டர் 20ஆம் நூற்றாண்டில் உருவானது. கதைக்கு விதை போட்டது பெரும்பாலும் 1904இல் மேடையேறிய ஜே. எம். சிங்கின் ‘ரைடர்ஸ் டு தி சீ’ நாடகம். அதில் இறந்த அண்ணனின் காலுறையைத் தங்கை அடையாளம் காண்கிறாள். குடும்ப வடிவத்தை வைத்து அல்ல, தன் கணக்கை வைத்து. தொடங்கியது 60 கண்ணி, அதில் நான்கை விட்டது அவள் கைக்கு நினைவிருக்கிறது. அந்த நான்கும் தவறியவையா, வேண்டுமென்று குறைத்தவையா என்று நாடகம் சொல்வதில்லை.

தவறினால் எதுவும் குடிமுழுகிவிடாது என்று புதியவர்களுக்கு உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் எலிசபெத் சிம்மர்மன். 1910இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். வட்டமாகப் பின்னும்படி அவர் எழுதிய வடிவத்தைப் பத்திரிகை ஒன்று தட்டையாகப் பின்னும்படி மாற்றி வெளியிட்டது. அதன்பின் அவர் 1958 முதல் சொந்தமாகவே மடல் வெளியிட்டார். 1960களில் விஸ்கான்சின் பொதுத் தொலைக்காட்சியில் பின்னல் கற்பித்தார். 1971இல் வந்த அவருடைய ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ இன்னும் அச்சில் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையையும் எழுதித்தருவதை அவர் வெறுத்தார். மார்புச் சுற்றளவுக்கான கண்ணிகளை 100 என்று வைத்துக்கொள், மணிக்கட்டுக்கு அதில் 20 விழுக்காடு, கழுத்துக்கு 40 என்று கணக்கைக் கையில் கொடுத்துவிட்டார். வரிக்கு வரி ஆணை இல்லையென்றால் ஆணையை மீறிய குற்றமும் இல்லையே! இருபுறமும் தையலிட்டுவிட்டு, பின்னிய ஸ்வெட்டரின் நடுவே கத்தரிக்கோலால் வெட்டித் திறக்கும் நார்வே முறையையும் அவர் கற்றுக்கொடுத்தார். வெட்டி முடித்ததும் இருட்டறையில் கால்மணி நேரம் படுத்துக்கொள்ளும்படி அவர் சொன்ன ஆலோசனை வாசகர்களிடையே பிரபலம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவருடைய வாசகர்களில் எவருடைய மதியச் சாப்பாடும் அந்த ஸ்வெட்டரை நம்பி இருக்கவில்லை.

நழுவிய கண்ணியைத் தூக்கக் கற்றுக்குட்டிகள் இன்று வைத்திருக்கும் கருவிகளில் ஒன்று, முனையில் சிறு தாழ்ப்பாள் போல மூடித் திறக்கும் கொக்கி ஊசி. அது கைவேலைக்காகப் பிறந்ததல்ல. லெஸ்டர்காரர் மாத்யூ டவுன்செண்ட் 1840களின் இறுதியில் பின்னல் இயந்திரத்துக்காகக் காப்புரிமை பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில், நைலான் காலுறை விலை உயர்ந்த பொருளாக இருந்தபோது, ஐரோப்பிய நகரக் கடைகளில் பெண்கள் விளக்கின் கீழ் உட்கார்ந்து இதே கொக்கியால் ஓடிப்போன ஏணியைக் கண்ணி கண்ணியாக ஏற்றிக் கொடுத்தார்கள். காலுறை மலிந்ததும் அந்த வேலை மறைந்தது.

திருப்பூரின் வட்டப் பின்னல் இயந்திரம் ஒவ்வொன்றிலும் இந்தத் தாழ்ப்பாள் ஊசிகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. 30 அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 24 ஊசி என்ற 24 கேஜும் உள்ள இயந்திரத்தில் 2,200க்கும் மேல். அதில் ஒன்றின் தாழ்ப்பாள் முறிந்தாலும் அந்த இடத்தில் துணி நெடுக ஒரு கோடு விழும். ‘நீடில் லைன்’ என்பார்கள். பனியன் துணியில் அதை யாரும் பிரித்துப் பின்னுவதில்லை. ஆப்பரேட்டர் இயந்திரத்தை நிறுத்தி ஊசியை மாற்றுவார். கோடு விழுந்த நீளம் ரோலிலிருந்து வெட்டப்பட்டு வேஸ்ட் மூட்டைக்குப் போகும்.